கடல் தேவனுக்கு வேட்டி கட்டுபவர்

“மூச்சை உள்ளுக்கு இழுங்கோ, ஐயா” என்கிறார் மக்டலீன். ஏணியில் நின்றபடி, இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த துணியைச் சிலையின் இடுப்பைச் சுற்றி இழுக்கிறார். சீமெந்து வயிறு உள்ளே போவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். உதடுகளுக்கு நடுவே சட்டைப்பின்கள் இருப்பதால் சொல் கொஞ்சம் நசிந்துதான் வருகிறது.

சிலை, ரோமர்களின் கடல் தேவன் நெப்டியூன். கனடாவில், ஸ்காபரோவின் வடக்கு ஓரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் முன்கூடம். அங்கே நீர்த்தொட்டியின் நடுவில் நிற்கிறார். சுருண்ட தாடி, கையில் மூன்று முனைச் சூலம், காலடியில் துள்ளும் டொல்பின். மண்டபத்தைக் கட்டிய இத்தாலியர், தன் ஊர்ச் சதுக்கத்தில் நின்றவரைப் போலவே ஒருவர் வேண்டும் என்று செய்வித்தது. இடுப்பில் ஒரு துண்டும் உண்டு. அது மறைப்பது குறைவு. இன்று மண்டபத்தைப் பெரும்பாலும் வாடகைக்கு எடுப்பவர்கள் தமிழர்கள். மணமகளின் பெரியம்மாமார் எல்லோரும் அந்த வாசலால்தான் உள்ளே வரவேண்டும். ஆகவே, மக்டலீன்.

மன்னார் பேசாலையில் பிறந்தவர். வயது ஐம்பத்தேழு. கல்யாணங்களுக்குப் பந்தல், மணவறை, பூ, மேடை எல்லாம் இவர் வேலை. அவரின் மோர்னிங்சைட் வீட்டின் பேஸ்மென்டில் தெர்மோகோல் தூண்களும் பிளாஸ்டிக் வாழைகளும் நெருக்கியடித்து நிற்க, ஒரு மூலையில் மட்டும் தனி அலுமாரி. அதில் இருப்பது முழுக்க நெப்டியூனின் உடுப்பு.

சைவக் கல்யாணம் என்றால் சரிகைக் கரை வேட்டி, தோளில் சால்வை. சூலம் வெளியே தெரியும். யாழ்ப்பாணத்தில் பல இடங்களில் வைரவர் உருவமில்லாமல் சூலமாகவே நிற்பவர். சூலத்தைக் கண்டதும் எங்கள் ஆட்களுக்குக் கை தானாகக் குவியும். ஒருமுறை யாரோ மூன்று முனையிலும் தேசிக்காய் குத்திவிட்டுப் போனார்கள். இன்னொருமுறை காலைச் சாப்பாட்டு வடை மாலையாகிக் கழுத்தில் ஏறியது. சமையல்காரர் மக்டலீனிடம்தான் சண்டைக்கு வந்தார். “நான் வேட்டி கட்டினனான். வடை கட்டேல்லை” என்று சொல்லிவிட்டு ஒரு வடையைக் கழற்றிச் சாப்பிட்டாராம்.

கத்தோலிக்க வீட்டு விருந்தென்றால் நீண்ட வெள்ளை அங்கி. சூலத்தின் முனைகள் லில்லிப் பூக்களுக்குள் மறைந்துவிடும். பூத்த கோலும் தாடியுமாக, ஆள் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர். முதல்நன்மை விருந்து ஒன்றில் ஒரு பெரியவர் அவர் முன்னால் முழங்காலிட்டு முழுச் செபமாலையும் சொன்னார். பின்னால் பிரியாணி ஆறியது.

“நான் ஆரிட்டையும் உது வைரவர் எண்டும் சொல்லேல்லை, சூசையப்பர் எண்டும் சொல்லேல்லை” என்பார் மக்டலீன். “கேட்டால் ‘ஐயா’ எண்டு மட்டும் சொல்லுவன். அதில என்ன பிழை?”

அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. உடுப்பு அரைகுறையாக இருக்கும்போது யாரும் படம் எடுக்கக் கூடாது. போனைத் தூக்கியவர் மாப்பிள்ளையின் தகப்பனாக இருந்தாலும், “தம்பி, உங்களை நான் பாத்ரூமுக்குள்ள வந்து எடுத்தனானோ?” என்பார். வேலை முடிந்ததும் ஏணியை மடக்கி, நாலடி பின்னால் நடந்து, தலையைச் சரித்துப் பார்ப்பார். திருப்தி என்றால் ஃபிளாஸ்கைத் திறந்து பிளேன்ரீ ஊற்றுவார். திருப்தி இல்லையென்றால் ஏணி மறுபடியும் விரியும்.

இந்த ஏற்பாடு இவ்வளவு காலமும் யாரையும் உறுத்தவில்லை. இந்த வருடம் ஆடி பிறப்பதற்கு முந்திய சனிக்கிழமை வரை.

அன்றைக்கு மக்டலீனின் ஒரே மகன் கிளிபோட்டின் கல்யாண விருந்து. மணமகள் நிலாணி, யூனியன்வில்லில் ஒரு சைவ வீட்டுப் பெண்; பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிப்பவள். அவளின் தாய் மங்கையற்கரசி, மாப்பிள்ளை வேதக்காரப் பெடியன், அதாவது கிறிஸ்தவன், என்றதும் ஒரு வருடம் வாய் திறக்காமல் இருந்தவர். கடைசியில் சம்மதித்ததும் மண்டபத்தைப் பார்த்துத்தான். அந்த வாரப் புதன்கிழமை அவரே மக்டலீனுக்குப் போன் எடுத்தார். “எங்கட வைரவர் வாசல்ல நிக்கிற மண்டபம் எண்டபடியாத்தான் நான் ஓம் எண்டனான். அவருக்கு நல்ல பட்டுவேட்டியாக் கட்டுங்கோ.”

அரை மணி கழித்து மக்டலீனின் அண்ணன் நீக்கிலாஸ் போன் எடுத்தார். “சூசையப்பர் நிக்கிற மண்டபம் எண்டு கேட்டுச் சந்தோசம், தங்கச்சி. லில்லி கொஞ்சம் கூட வை.”

வியாழன் மாலை நிலாணி வந்து பார்த்தபோது, வருங்கால மாமி பேஸ்மென்டில் வேட்டியை ஒரு தொடையிலும் அங்கியை மறு தொடையிலும் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

“எதைக் கட்டினாலும் ஒரு பக்கம் வாசலோட திரும்பிப் போகும் பிள்ளை. உம்மட அம்மா திரும்பினா, பிறகு உமக்கு அந்த வீடு இல்லை.”

“அன்ரி, ஹீ இஸ் ஜஸ்ட் நெப்டியூன்” என்றாள் நிலாணி. பிறகு பக்கத்தில் இருந்து கதை சொன்னாள். பழைய ரோமில் அவர் முதலில் ஊற்றுத் தண்ணீருக்கு உரியவராம். கடல் பிறகு சேர்ந்ததாம். காற்றுகள் அவரைக் கேளாமல் புயல் கிளப்பினால் அலைக்கு மேலே தலையை நீட்டி அவைகளை ஏசுவாராம்.

“மண்டபத்து மனேச்சர் மாதிரி” என்றார் மக்டலீன், சிரிக்காமல்.

“யூலை வெயிலில அவருக்கு ஒரு ஃபெஸ்டிவல் இருக்கு அன்ரி. சனமெல்லாம் மரக்கொப்பு வெட்டிக் கொட்டில் போட்டு, அதுக்குக் கீழ இருந்து சாப்பிடும், குடிக்கும்.”

“கொப்பால கொட்டிலோ? பந்தலோ?”

“ஓம், பந்தல் மாதிரித்தான்.”

மக்டலீன் வேட்டியையும் அங்கியையும் தூக்கி அலுமாரிக்குள் வைத்தார். “பந்தல்காரிக்கு எண்டே ஒரு ஆள் நிண்டிருக்கிறார். நான் துணியைச் சுத்தி அவரை அவியவிட்டிருக்கிறன்!”

மறுநாள் மோர்னிங்சைட் வீட்டின் பின்வேலியில் பாதி சீடர் மரங்களுக்குக் கொப்பு இல்லை.

சனி காலை தேவாலயத்தில் நடந்த கல்யாணத்துக்கு மங்கையற்கரசி வரவில்லை. தலையிடி என்று சொல்லியனுப்பினார். மாலை மண்டபத்துக்கு வருவாரா என்று யாருக்கும் தெரியாது. மக்டலீன் பட்டுச்சேலையோடேயே தொட்டிக்குள் இறங்கி, கடைசிக் கொப்பையும் கட்டி முடித்து, தண்ணீரைத் திறக்கச் சொன்னார். மண்டபக்காரரின் மகன் றொபேட் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்; துணி நனையும் என்று இத்தனை காலமும் மூடச் சொன்னவர் இவர்தானே.

பச்சைப் பந்தலுக்குக் கீழே, வெற்று மார்பில் தண்ணீர் வழிய, நெப்டியூன் நெப்டியூனாக நின்றார்.

முதலில் வந்தவர் நீக்கிலாஸ். நின்றார். பார்த்தார். “இதார் உவர்? உடுப்பில்லாமல்?”

“தண்ணிக்குள்ள நிக்கிறவருக்கு என்னத்துக்கண்ணை உடுப்பு? நீங்கள் பேசாலையில கடல்தொழிலுக்குப் போகேக்க கோட் போட்டோ போனனீங்கள்?”

அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. மங்கையற்கரசி இறங்கினார். கதவைத் தாண்டியவர் அதற்கு மேல் வரவில்லை. கண் சூலத்தில் தொடங்கித் தாடிக்கு இறங்கி, இடுப்பில் நின்றது.

“வேட்டி எங்க?”

“கட்டேல்லை, சம்மந்தி.” இந்தமுறை மக்டலீன் பகிடி விடவில்லை. “உவர் வைரவர் இல்லை. அண்ணை நினைக்கிற சூசையப்பரும் இல்லை. வாற சனத்துக்கேத்த மாதிரி நான்தான் மாத்தி மாத்திக் கட்டுறனான். உங்களையும் அப்பிடி உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போக எனக்கு மனம் வரேல்லை.”

வரவேற்பு மேசைக்காரர்கள் சந்தனத்தைக் குழைப்பதை நிறுத்தினார்கள்.

“அப்ப அக்காவின்ரை மகளின்ரை கலியாணத்தில நான் உவருக்கு முன்னால கற்பூரம் கொளுத்தி, நெருப்பு அலாம் அடிச்சு, எல்லாரும் வெளியில ஓடினது? அது ஆருக்கு?”

“அது வைரவருக்குத்தான் போயிருக்கும். அவருக்கு விலாசம் தெரியும்தானே.”

நீக்கிலாஸ் இருமுவது போல வாயைப் பொத்தினார். மங்கையற்கரசி சிரிக்கவில்லை. அவர் பார்வை சிலையை விட்டு இறங்கி, மக்டலீனின் சேலையில் விழுந்தது. கரை தொட்டித் தண்ணீரில் ஊறியிருந்தது. கொய்யகம் குலைந்து, மடிப்புகளுக்குள் சீடர் இலைகள் செருகிக்கிடந்தன.

“என்ன கோலம் இது? மாப்பிள்ளையின்ர தாய் இப்பிடியே படத்துக்கு நிக்கிறது?”

கைப்பையை நீக்கிலாஸிடம் நீட்டினார். அவரும் வாங்கிக்கொண்டார். மங்கையற்கரசி குனிந்து, ஈர மடிப்புகளை ஒவ்வொன்றாக இழுத்து, இலைகளை உதறி, விரலால் அளந்து திரும்ப மடிக்கத் தொடங்கினார்.

மக்டலீன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றார்.