நசீர் வண்டியின் ஃபோர்க்

புதுசு ஒன்று வாங்கி அவன் வண்டியில் மாட்டிவிட்டால் போதாதா என்று நேற்றைய பதிவில் கேட்டிருந்தீர்கள்... போதும்தான். ஆனால் அவனுடையது அவனுக்கே போகட்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு... நசீர் இறந்துவிட்டான். பரங்கிப்பேட்டை நசீர். துபாயில் வேலை முடிந்து ரூமுக்கு வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. ஹார்ட் என்கிறார்கள். என் வயசுதான் அவனுக்கும்.

அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். இங்கே பள்ளிவாசலில் அவனுக்காகத் தொழுதார்கள். நான் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். கடைசியாகப் பார்க்க அவன் முகம்கூட இல்லை.

சிதம்பரத்தில் காலேஜில் ஒரே பெஞ்ச். நான் பாதியில் நின்றேன். "நீ இல்லாம எனக்கு இங்க என்னடா வேல" என்று அவனும் நின்றான். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அவன்தான் என்னைக் கெடுத்தான் என்று நினைக்கிறார்கள்.

அப்புறம் நான் ஃபுட் டெலிவரி. அவன் விசாவுக்குக் காத்திருந்தான். அந்தச் சமயத்தில்தான் பி.முட்லூர் பக்கம் மாடு குறுக்கே வந்து என் வண்டி போய் மோதியது. எனக்கு முழங்கை... வண்டிக்கு ஃபோர்க். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரண்டு பைப்பும் வளைந்து, சக்கரம் எஞ்சினில் இடித்துக்கொண்டு நின்றது.

நசீரிடமும் அதே மாடல். கலர்தான் வேறு. "என் வண்டிலருந்து கழட்டிக்க மச்சான். நான் வர்ற வரைக்கும் ஓட்டு" என்றான். வேண்டாம் என்றேன்.

"சும்மா நின்னா உப்புக் காத்துல பைப்பு புள்ளி புள்ளியா அரிச்சிடும்டா. ஓடுனாதான் நல்லாருக்கும்."

அது உண்மை. கடலோரத்தில் நிற்கிற வண்டிக்கு முதலில் போவது அதுதான். பைப் அரித்தால் சீல் கிழியும், எண்ணெய் கசியும்.

அவன் வீட்டுக் கொல்லையில் இரண்டு பேருமாக மாற்றினோம். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் தடவை. மேல் நட்டைக் கழற்றினால் ஃபோர்க் மொத்தமாகக் கீழே இறங்கும், கழுத்துக்குள் இருக்கிற சின்ன இரும்புக் குண்டுகள் கொட்டும். ஒருத்தன் பிடித்துக்கொள்ள வேண்டும், கீழே துணி விரிக்க வேண்டும். எங்களுக்கு எங்கே தெரியும்... கொட்டியது. சோளம் என்று நினைத்துக் கோழியெல்லாம் ஓடி வந்தன.

ஒரு குண்டைக் கோழி முழுங்கிவிட்டது. நசீர் அதைத் துரத்திக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓடினான். அவனுடைய உம்மா... நானும் உம்மா என்றுதான் கூப்பிடுவேன்... இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "படிக்க அனுப்புனா படிக்கல. கோழிக்கு இரும்பு ஊட்டுறானுங்க" என்றார்.

ஒரு குண்டு குறைவாகவே மாட்டினோம். இன்றுவரை ஓடுகிறது.

துபாய்க்குக் கிளம்பும்போது அவன் ஒன்று சொன்னான். "நான் வந்துதான் கழட்டணும். அதுவரைக்கும் எவனையும் கை வெக்க விடாத. உன்னையும் சேத்துதான்."

அப்புறம் வாராவாரம் வீடியோ கால். "மூஞ்சிய காட்டாத, பைப்ப காட்டு" என்பான். குனிந்து டார்ச் அடித்துக் காட்டுவேன். எண்ணெய் கசியவில்லை என்று தெரிந்த பிறகுதான் சாப்பிட்டியா என்று கேட்பான்.

கடலூரில் தனி ரூம் எனக்கு. "சார், ஆர்டர்" என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தையும் பேசாத நாள்கள் ஜாஸ்தி. அந்தக் கால் மட்டும்தான் எனக்கு...

இந்த வெள்ளிக்கிழமையும் கால் வருகிற நேரத்துக்குப் பைப்பைத் துடைத்துவிட்டேன். துடைத்து முடித்த பிறகுதான் உறைத்தது.

அவன் துபாய் போன நாளிலிருந்து அவன் வண்டி கொல்லையில் கல்லு மேல் நிற்கிறது. முன்பக்கம் ஒன்றுமில்லாமல், முட்டி போட்ட மாதிரி. பள்ளிவாசல் தொழுகை முடிந்து நான் அவன் வீட்டுக்குப் போனபோது உம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை.

"அவன் வந்து பாத்துப்பான்னு உட்டு வெச்சிருந்தேன் தம்பி. இனிமே அது நேரா நிக்கட்டும்ப்பா."

சரி என்றேன். இனி என் வண்டி முட்டி போடட்டும்.

காலையில் கடலூரிலிருந்து அதே ஃபோர்க்கில்தான் வந்தேன். வழியில் இருந்த பள்ளம் ஒன்றையும் விடவில்லை. வேண்டுமென்றே இறக்கி ஏற்றினேன். ஏன் என்று கேட்காதீர்கள். திரும்பிப் போக பஸ்.

இப்போது அந்தக் கொல்லையில் உட்கார்ந்துதான் இதை டைப் பண்ணுகிறேன். இரண்டு வண்டியும் எதிரெதிரே. ஸ்பேனர் கையில் இருக்கிறது... மேல் நட்டில் வைக்க மனசு வரவில்லை. தனியாகச் செய்கிற வேலை இல்லை இது.

நசீரு... நீ கழட்ட வேண்டியத நான் கழட்டுறேன்டா. போய்ட்டு வா.

உம்மா கீழே துணியை விரித்துவிட்டார். கோழிகளை ஒன்றுவிடாமல் கூடையில் கவிழ்த்துவிட்டு, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"எவ்ளோ நேரம்ப்பா ஃபோன பாப்ப. புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்ல."

கூப்பிடுகிறார். போகணும்.