ஹுஸ்னியா மிஸ்ஸும் வைரவர் பாறையும்

திருகோணமலையில், கல்லுடைக்கும் அனுமதிக்குப் பாறைகளைச் சோதிக்கும் அலுவலகத்தில் ஹுஸ்னியா மிஸ்ஸோடு வேலை செய்த அந்த மூன்று வருடம் இனி வராது. அவர் கிண்ணியாவிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். நான் பாறைகளில் ஏறி வெடிப்புகளை அளந்து வரைவேன். பக்கத்தில் வெடி வைத்தால் எந்த வெடிப்பு எவ்வளவு தூரம் ஓடும் என்று அவர் கணினியில் கணக்குப் பார்ப்பார். ஒரு கணக்கு முடிய அரை நாள் எடுக்கும். அதுவரை வாய் ஓயாமல் கதைப்போம். அவர் சிரித்தால் பக்கத்துக் கடைக்கும் கேட்கும்.

கட்டைபறிச்சான் பக்கம் கல்லுடைக்கும் கம்பனி ஒன்று வெடி வைக்க அனுமதி கேட்டது. அங்கே பாறையின் அடியில்தான் என் அக்கா புஷ்பவதியின் வீடு. நான் வளர்ந்த இடம். எனக்கா அந்தப் பாறையைத் தெரியாது என்ற திமிரில் ஒரே காலையில் வரைந்து முடித்தேன். ஆபத்தில்லை என்றது கணக்கு. மிஸ் கையெழுத்திட்டு அறிக்கையை அனுப்பினார்.

மறுநாளும் அவர் திரையை விட்டு எழும்பவில்லை.

"தயா, இந்த வெடிப்பு ஏன் இதில நிக்கிது? அங்கால வேற வெடிப்பும் இல்ல, கல்லும் மாறல்ல. காரணம் இல்லாம வெடிப்பு நிக்காது."

பார்த்தேன். அது, பாறையில் சாத்தி வைத்துக் கும்பிடும் எங்கள் ஊர் வைரவர் சாமி இருக்கும் இடம். ஒவ்வொரு வருடமும் பொங்கலுக்கு முன்னர், வைரவரின் பின்னால் தெரியும் வெடிப்பை ஊர்ப் பெடியள் நாங்கள் சேர்ந்து சீமெந்து அப்பி மூடி, வெள்ளையடிப்போம். சாமிக்குப் பின்னால் கல் பிளந்து தெரியக் கூடாது. நானே சீமெந்து குழைத்தவன். எவ்வளவு சந்தோஷமான நாட்கள். அளக்கப் போன அன்று செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை அளக்காமலே வந்துவிட்டேன்.

"மிஸ், அது கீழ வரைக்கும் போகுது. நாங்கள்தான் மூடினனாங்கள்."

அவர் வரைபடத்தில் அந்த வெடிப்பின் கோட்டை நீட்டி, கணக்கை மறுபடி ஓட்டினார். மூன்றாவது வெடியிலேயே முன்பாறை கழன்று அக்காவின் குசினிக்கு மேல் விழுந்தது. திரையில்தான்.

"பிழை என்னுடையது. என்ர பேரை எழுதுங்கோ" என்றேன்.

"அக்காட வீட்டுக்காகத் தம்பி பொய்க் கோடு போட்டான் எண்டு கம்பனிக்காரங்க சொல்லுவாங்க. திரும்ப அனுமதி எடுப்பாங்க. நானே போய் அளக்கிறன். பிழையும் என்ட பேர்லயே இருக்கட்டும்."

போனார். அக்காவிடம் கேட்டு, சீமெந்தைக் கொத்தி எடுத்து, அடிவரை அளந்தார். சரிபார்க்காமல் கையெழுத்திட்டேன் என்று மேலிடத்துக்கு எழுதினார். வெடி வைக்கும் திட்டம் நின்றது. அந்தப் பிழையைக் காட்டி, அந்த வருடம் மிஸ்ஸின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. இப்போது கட்டாரில் ஏதோ ஒரு கடையில் கணக்கெழுதுகிறாராம்.

அக்கா அதே குசினியில்தான் சமைக்கிறார். நான் சாப்பிடப் போகும்போது சில நாள் கேட்பார்.

"அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. ஏன்டா வேலையை விட்டது?"

"கலியாணம் முடிச்சிட்டா" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.