குழம்பு இறங்கும் மரம்

1972, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை எட்டேகாலுக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறினேன். ஊரப்பாக்கம் ஆறு மைல். டிக்கெட் முப்பது பைசா. அந்த ஆறு மைல் போக எனக்கு நான்கு வருஷம் பிடித்தது. எல்லாம் ஒரு பழைய பீங்கான் தட்டால் வந்த வினை. அம்மா இறந்ததும் எஸ்தர் அக்கா அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். கடைக்குட்டி எனக்குத்தான் சேரவேண்டும் என்று முறுக்கிக்கொண்டு திரிந்தேன். இன்று கேட்டு வாங்கிவிடுவது என்று, சுற்றி எடுத்துவர ஒரு பை நிறைய வைக்கோலோடு கிளம்பினேன்.

"இன்னா சார், மாட்டுக்கா?" என்றார் கண்டக்டர்.

"பீங்கான் தட்டு எடுத்துட்டு வரணும். அதுக்கு."

"அப்போ வர்றப்போ பின்சீட்ல குந்தாத சார். தூக்கித் தூக்கிப் போடும்."

பெருங்களத்தூர், வண்டலூர் தாண்டி இறங்கி, அரை மைல் நடந்தேன். அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வாடா! தட்டுக்குத்தானே வந்தே?"

"உன்னைப் பாக்கத்தான்க்கா."

"பையில வைக்கோல் வேற மாதிரி சொல்லுதே!"

மதியம் அந்தத் தட்டிலேயே கோழி ரோஸ்ட் வைத்தாள். அடடா, என்ன வேலைப்பாடு! முழங்கை நீளம், முட்டை வடிவம், விளிம்பெல்லாம் நீலப் பூக்கொடி. யாரோ ஒரு துரை வீட்டு ஏலத்தில் அப்பா எடுத்தது. நடுவில் ஒரு மரம். தீட்டிய மரமல்ல, பள்ளமாகவே வார்த்த மரம். மசாலாச் சாறு கிளை கிளையாக வழிந்து, அடிமரத்தில் சேர்ந்து, வேர்ப்பக்கத்துக் குழியில் போய் நிற்கும். மரத்தின் உச்சிப்பக்கம் தட்டைச் சற்றே தூக்கிச் சரித்து வைக்க, அடியில் இரண்டு குட்டைக் கால்கள். அந்தச் சரிவை இன்றுதான் கவனித்தேன். சின்ன வயதில் அந்தக் குழியில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றால்தான் எனக்குக் கிறிஸ்துமஸ்.

அக்கா பேசிக்கொண்டே தட்டைத் திருப்பி, குழியை என் பக்கம் வைத்தாள். அம்மாவும் அப்படித்தான் வைப்பாள்.

"நீ இதுல தொட்டுச் சாப்பிட்டிருக்கியாக்கா?"

"நீ எங்கடா மிச்சம் வெச்சே?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தட்டை அவள் பக்கம் திருப்பினேன். ரொட்டியைத் தோய்த்து வாயில் போட்டவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லாத்தான்டா இருக்கு."

தட்டைப் பற்றி அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

நாலரை மணி பஸ்ஸில் அதே கண்டக்டர்.

"தட்டு இன்னா ஆச்சு சார்?"

"எங்க அக்கா வீட்லயே இருக்கட்டும்."

"வைக்கோலு?"

"பக்கத்து வீட்டு மாடு தின்னுடுச்சு."

தாம்பரம் வீட்டு அலமாரியில் அதற்கென்று ஒழித்துவைத்த இடம் காலியாகவே இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். காலிப் பையோடு பின்சீட்டில் போய் உட்கார்ந்தேன். நன்றாகத்தான் தூக்கித் தூக்கிப் போட்டது.