மொக்கையனின் ஞாயிற்றுக்கிழமைக் கால்கள்

வேட்டியைத் தொடைக்கு மேல் சுருட்டிக் கட்டிக்கொண்டு, ஈரச் சருகின் மேல் அசையாமல் நிற்கிறார் மொக்கையன். "வாங்கப்பா, வெரசா ஏறுங்க. தொரசாணி பின்னாடியே வாராக" என்று குனிந்து கெஞ்சுகிறார். கெஞ்சுவது, கால்களில் ஏறிக்கொண்டிருக்கும் அட்டைகளிடம்.

சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்தில் ஆறு நாள் அவர் செடி நறுக்கும் கவாத்துக் கத்தி பிடிக்கிற ஆள். ஏழாம் நாள் உத்தியோகம் வேறு. ஞாயிறுதோறும் துரையும் துரைசாணியும் விருந்தாளிகளும், போடிமெட்டில் கழுதைப் பொதியாக ஏறி வந்த பிஸ்கட்டைத் தூக்கிக்கொண்டு, மலைச்சோலைக்குக் காற்று வாங்கப் போவார்கள். பத்தடி முன்னால் வெறுங்காலோடு நடந்து, வழியிலுள்ள அட்டைகளை எல்லாம் தன்மேல் வாங்கிக்கொள்ள வேண்டியவர் மொக்கையன். முன்னால் போகிறவன் அட்டையை எழுப்பத்தான் செய்வான், கடிபடுகிறவன் பின்னால் வருகிறவன் என்பது மலையில் மாட்டுக்கும் தெரியும். துரைக்குத் தெரியாது, சொல்லும் துணிச்சல் யாருக்கும் இல்லை. ஆகவே மொக்கையன் திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, எழுந்தவை எல்லாம் ஏறி முடித்த பிறகே அடுத்த அடி வைப்பார். அவர் மரங்களை ரசிக்கிறார் என்று நினைத்து விருந்தாளிகளும் நின்று ரசிப்பார்கள்.

"ஆக்கிப் போடுறது நானு, குடிக்கிறது அட்டையா?" என்பாள் மனைவி வேலுத்தாய். "என்னத்தச் செய்ய, தலையெழுத்து" என்று அவரும் அலுத்துக்கொள்வார். அத்தனையும் நடிப்பு. சனிக்கிழமையே காலைத் தேய்த்துக் கழுவித் தயாராகிவிடுவார். கூலிகளின் வரிசை வீடான லயத்தில் ஒரே அறைக்குள் ஒன்பது பேர். தேயிலை மலையில் கங்காணி அழகுமலையின் அதட்டல். பறவைகள் பறந்துவிடும், யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது சோலையில் துரைசாணியின் உத்தரவு. மொக்கையனை யாரும் அதட்டாத இடம் உலகத்தில் அது ஒன்றுதான். லயத்து ஓடையும் அந்த மரங்களின் காலடியில்தான் ஊறுகிறது. சோலையை வெட்டிய பக்கத்துத் தோட்டத்தில் மாசி பிறந்தால் பெண்கள் குடத்தோடு ஒரு மலை ஏறி இறங்குகிறார்கள்.

போன ஆனியில் ஓர் அட்டை துரைசாணியின் கழுத்தில் ஏறிவிட்டது. "இன்னொரு அட்டை தொரசாணி கண்ணுல பட்டா, திங்கக்கெழம கோடாலிதான். சோலை மொத்தத்தையும் எரிச்சுத் தேயில போடப்போறாகளாம்" என்று அழகுமலை செய்தி கொண்டுவந்தார்.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாக மொக்கையன் சோலைக்குப் போய், பாதை முழுவதும் ஏழு தடவை நடந்தார். நின்று நின்று நடந்தார். முழங்காலுக்குக் கீழே தோல் தெரியவில்லை. துரைசாணி பார்த்தால் மயங்கி விழுவாரே! துரை எப்போதோ கழித்துப் போட்ட கால்சட்டையை மாட்டி, கணுக்காலில் நாரால் இறுகக் கட்டினார். கால்களை அகட்டி அகட்டி அவர் நடந்த நடையைப் பார்த்து, கால்சட்டை போட்டதும் ஆளுக்கு மிடுக்கு வந்துவிட்டதென்று விருந்தாளிகள் பேசிக்கொண்டார்கள்.

பாதையில் ஓர் அட்டைகூட இல்லை. துரைசாணி காலணியையே கழற்றிவிட்டு ஓடையில் கால் நனைத்தார். சோலை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். மொக்கையனுக்குக் கண் கலங்கியது.

துரை அவர் தோளில் தட்டினார். "மொக்கே! அட்டை இல்லே. இனி நீ வேணாம். ஞாயித்துக்கிழமே லயத்துலே தூங்கு."

"சரிங்க தொர" என்றார் மொக்கையன்.

அவர்கள் பிஸ்கட்டைப் பிரிக்கும்போது அவர் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நாரை அவிழ்த்தார். கால்சட்டைப் பையில் அட்டையைக் கொல்லும் உப்பு இருந்தது, எடுக்கவில்லை. குடித்துப் பருத்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி ஈர இலையில் விட்டார். இன்னும் வாய் வைக்காத மெலிந்த ஒன்றை மட்டும் விரல் நுனியில் எடுத்துக்கொண்டு, திரும்பும் வழியில் துரை சுருட்டுப் பற்றவைக்க உட்காரும் கல்லுக்கு வந்தார்.

"தொரைக்கு மட்டுந்தான். தொரசாணி பக்கம் தலவச்சும் படுக்கப்படாது, ஆமா" என்று சொல்லி, அதைக் கல்லின் மேல் பதமாக இறக்கி வைத்தார்.