நெருப்பை அணைக்கச் சொன்ன மெவ்வே

எங்கள் ஊரில் கார் கிடையாது, கரண்ட் கிடையாது. ஆனாலும் நைஜீரியாவின் கார்பன் கணக்கில் எங்களுக்கு இடமுண்டு. கச்சா எண்ணெயோடு மேலே வரும் வாயுவைக் கம்பெனிக்காரன் ஊர் எல்லையில் இரவும் பகலும் எரித்துக்கொண்டிருந்தான். அந்தப் பெருமை அவனுக்கே போகட்டும். என் பெருமை என் அண்ணி மெவ்வே.

அந்தத் தீயின் சூட்டில் மரவள்ளி மாவைக் காயவைத்து விற்றுத்தான் பெண்கள் நாங்கள் பிழைத்தோம். வெயிலில் நாள்கணக்காகக் கிடக்கும் மாவு, தீயருகே காலையில் பரப்பினால் மாலையில் மூட்டை கட்டத் தயார். அதில் அண்ணிதான் கெட்டிக்காரி. சந்தையில் அவள் சரக்கை அடித்துப் பிடித்து வாங்குவார்கள்.

தீயை நிறுத்தலாமா என்று விசாரிக்க அதிகாரிகள் வந்தபோது, கம்பெனி மேனேஜர் அவளைத்தான் முன்னால் நிறுத்தினான். அதிகம் இழக்கப்போகிறவள் அவள் என்று அவனுக்குத் தெரியும்.

"இந்தம்மாவையே கேளுங்க சார். தீயை அணைச்சா இவங்க வயித்துல அடிக்கிற மாதிரி."

நான் அவள் காதைக் கடித்தேன். "அண்ணி, தீ வேணும்னு சொல்லிடு. நமக்கெதுக்கு வம்பு?"

அவள் தலைக்கட்டை இறுக்கிக்கொண்டு எழுந்தாள். "அணைச்சிடுங்க."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. "அப்புறம் மாவை எங்கம்மா காயவெப்பீங்க?"

"வெயில்லதான். நீங்க வர்றதுக்கு முந்தி எங்கம்மா எங்க காயவெச்சாங்கன்னு நெனச்சீங்க? இந்தப் புகையில எம்பொண்ணு விடியவிடிய இருமுறா. அந்த இருமலை எந்தச் சந்தையில கொண்டுபோய் விக்கிறது?"

கூட்டமே கைதட்டியது. பயந்து செத்த நானும் தட்டினேன்.

வாயுவைக் குழாயில் கொண்டுபோக ஏற்பாடாகி, ஒருவழியாகத் தீ அணைந்தது. அடுத்து வந்த மழைக்காலம் எங்களைப் பாடாய்ப்படுத்தியது. அண்ணியின் மாவில் பாதி பூசணம் பிடித்தது.

"வாய் நீளம்டி உனக்கு. இப்ப வயிறு காயுதுல்ல?" என்று பக்கத்து வீட்டு எலோஹோ குத்திக்காட்டினாள்.

"மாவுதான் காயல. வயிறாவது காயட்டுமே," என்றாள் அண்ணி.

அன்றும் மழை கொட்டியது. அண்ணி வாசலில் ஒரு பேசினை வைத்தாள். நான் பிறந்ததிலிருந்து எங்கள் ஊரில் மழை அந்தத் தீயின் கரியோடுதான் இறங்கும். யாரும் வாயில் வைத்ததில்லை. இப்போது நிறைந்த பேசினின் அடி தெரிந்தது. அண்ணி ஒரு குவளை மொண்டு தான் குடித்துப் பார்த்தாள். பிறகு மகளிடம் கொடுத்தாள். அவள் மடமடவென்று குடித்துவிட்டு, "இன்னும் குடும்மா," என்றாள்.

பார்த்துக்கொண்டிருந்த எலோஹோ உள்ளே போய்த் தன் குவளையை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.