சாம்பல் நிற ஜெர்கின்

எங்கள் மலையில் முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்வதெல்லாம் வெயில் காலத்தில்தான். ஐப்பசியில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் எதிரே வருகிறவருக்கு முகமே கிடையாது, ஜெர்கின் மட்டும்தான் உண்டு. மஞ்சள் ஜெர்கின் வந்தால் டீக்கடைக்காரர். கட்டம் போட்ட கோட்டு வந்தால் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். சந்தையில் மூட்டை பிரித்துக் கொட்டும் பழைய ஜெர்கின்களைக் கிளறும்போதே, ஊரில் வேறு யாரிடமும் இல்லாத நிறமாகப் பார்த்துத்தான் எடுப்போம். என்னுடையது மிளகாய்ப்பழச் சிவப்பு. ஜிப் போய்விட்டது, ஊக்குக் குத்தித்தான் போடுவேன். அழகாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த மூட்டத்திலும் தெரியும்.

அது தெரிவதில்தான் என் சாயங்காலம் இருந்தது. என் வீட்டுக்காரர் ஒண்டிக்கடை ஸ்டாண்டிலிருந்து கொட்டச்சேடு ஊர்ப் பக்கம் ஆளேற்றி ஜீப் ஓட்டுகிறார். நான் வழியில் ஒரு ரிசார்ட்டில் ரூம் கூட்டித் துடைக்கிற வேலை பார்த்தேன். வேலை முடிந்து கீழே வளைவில் நிற்பேன். கண்ணாடியில் சிவப்பு பட்டதும் பிரேக் போடுவார், நான் ஏறிக்கொள்வேன். கை காட்ட வேண்டிய அவசியம்கூட இருந்ததில்லை.

போன மழைக்குப் புது மேனேஜர் வந்தார். வந்த வேகத்தில் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஜெர்கின் கொடுத்தார். சாம்பல் நிறம், உள்ளே பஞ்சு வைத்தது, நெஞ்சில் வெள்ளை நூலால் ரிசார்ட் பெயர்.

"வரும்போது போகும்போது ரோட்டுலயும் இதான் போடணும். நம்ம பேரு நாலு பேருக்குத் தெரியணும்" என்றார்.

ஓசியில் வந்தது, கதகதப்பாகவும் இருந்தது. முதல் நாள் எனக்கும் சந்தோஷம்தான். அன்று மூட்டத்தில் ஒருத்தியின் புருஷன் பைக்கை நிறுத்தி, வேறொருத்தியிடம் "வெரசா ஏறு புள்ள" என்று அதட்டியதைப் பார்த்து எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தோம்.

மறுநாள் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜீப் என்னைத் தாண்டிப் போய்விட்டது. கையை ஆட்டிக்கொண்டு நின்றேன், கத்தினேன், மழைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. நனைந்துகொண்டே நடந்து வீட்டுக்குப் போனால், வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"எங்க போயிருந்த? வளைவுல ஆளையே காணோம்!"

"அங்கதானுங்க நின்னேன். பாத்துக்கிட்டேதான் போனீங்க."

என் சாம்பல் ஜெர்கினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பாவம், அவர் கண் சிவப்பைத்தானே தேடியிருக்கும்!

மேனேஜரிடம் போய்ப் பணிவாகத்தான் கேட்டேன். "ஏனுங்க சார், இந்த நெறம் மூட்டத்துல தெரியறதே இல்லீங்க. நொம்ப பயமா இருக்குது. ரோட்டுல மட்டும் என்னோட சிவப்பைப் போட்டுக்கறேனுங்க. உள்ளார வந்ததும் மாத்திக்கறேன்."

போனிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தார். "தெரியாம இருக்கறதுதாம்மா அழகு. கெஸ்ட்டுங்க மலையைப் பாக்க வர்றாங்க. நடுவுல செவப்பும் மஞ்சளுமா நீங்க நடந்தா போட்டோவே கெட்டுப்போவுது. அதைத்தான் போடுவேன்னா நாளையிலிருந்து வர வேண்டாம்."

எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை பற்றி எரிந்தது. அப்படியானால் குளிருக்காகக் கொடுக்கவில்லை. ரிசார்ட்டின் பெயர் ரோட்டில் தெரிய வேண்டும், அதைச் சுமந்துகொண்டு போகிறவள் தெரியக் கூடாது. இவர் சேலத்து வெயிலிலிருந்து ஏறி வந்தவர். பட்டப்பகலில் எதிரில் நிற்கிற ஆள் தெரியாமல் போவது என்னவென்று அவருக்கு என்ன தெரியும்? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். அந்தக் கோபம் இன்றுவரை ஆறவில்லை.

அதற்குப் பிறகு வளைவு வந்தால் என் வீட்டுக்காரர் மெதுவாகத்தான் ஓட்டினார். அப்படியும் ஒருநாள் மழையும் மூட்டமும் சேர்ந்துகொண்டன. இன்றைக்கும் தாண்டிப் போய்விடுவாரோ என்று நான் ரோட்டுக்குள் இறங்கி நின்றேன். வெளிச்சம் வந்தது. இதோ பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். ஜீப்பின் முன்பக்கம் என் இடுப்பில் இடித்துத் தள்ளியது. ஓரச் சாக்கடையில் போய் விழுந்தேன், இடது மணிக்கட்டு மடங்கி முறிந்துவிட்டது.

ஜீப்பிலிருந்து குதித்து ஓடி வந்தவர் பதறிப்போய்க் கூப்பிட்டார். "யாருங்க அது? ஏனுங்க, யாருங்க அது?"

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவர், யாரோ அசலூர்க்காரியைக் கேட்கிற மாதிரி என்னை 'ங்க' போட்டுக் கேட்டார். எலும்பு முறிந்த வலியைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நான்தானுங்க" என்றேன். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

கையில் மாவுக்கட்டோடு இருந்தபோது மேனேஜர் ஆரஞ்சுப் பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சௌக்கியம் விசாரித்தார். கிளம்பும்போது, "அந்த ஜெர்கினைத் தொவைச்சுக் குடுத்துட்டீங்கன்னா நல்லாருக்கும். உங்க வேலைக்கு வேற பொண்ணு வந்திருக்குது, அதுக்குப் போட வேணும்" என்றார். துவைக்காமல், சாக்கடைச் சேற்றோடு அப்படியே அவர் கையில் திணித்தேன். பழத்தையும் சேர்த்துத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது வேறு எஸ்டேட்டில் காப்பி பறிக்கப் போகிறேன், சிவப்பு ஜெர்கினில். சாயங்காலம் ஒண்டிக்கடையிலேயே ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அந்த வளைவு வந்தால், மூட்டம் இல்லாத நாளிலும் ஜீப்பை நிறுத்தி, இறங்கி, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்து, "யாருங்க அது? யாராச்சும் நிக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். நான் பக்கத்திலேயே இருக்கிறேன். அப்படியும் அவர் என்னைத்தான் தேடுகிறார்.