நாலு ரூமுக்கு ஒரு ஏசி, நடுவில் ஓர் உப்பளத்து மூளை

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு ஹாலில் மழை பெய்தது.

வெளியே மரக்காணத்து மே மாத வெயில். உப்பளத்துப் பக்கம் கண்ணைத் திறந்து பார்க்க முடியாது, அவ்வளவு வெளிச்சம். உள்ளேயோ சீலிங்கிலிருந்து சொட்டு... சொட்டு... சொட்டு! சோபாவில் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரரின் வழுக்கையில்தான் முதல் சொட்டு விழுந்தது. எழுந்து உட்கார்ந்து மேலே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஏதோ நான்தான் மேலே ஏறி ஊற்றிவிட்டு வந்தது போல!

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். சொந்தமாக உப்பளம் வைத்திருக்கிறார். உலகத்துப் பிரச்சினை எல்லாவற்றுக்கும் உப்பளத்திலேயே தீர்வு இருக்கிறது என்று நம்புகிறார். நல்ல மனுஷர்தான்.

போன வருஷம்தான் இந்த வீட்டைக் கட்டி முடித்தோம். ரூமுக்கு ஒரு ஏசி மாட்டினால் சுவரெல்லாம் டப்பாவாகத் தொங்கும் என்று யாரோ சொல்ல, பெரிதாக ஒரே மெஷினாகப் போட்டுவிட்டார். அது ஹாலின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒளிந்திருக்கும். அங்கிருந்து ஹாலுக்கும் மூன்று பெட்ரூமுக்கும் தனித்தனிக் குழாய். ஒவ்வொரு குழாயிலும் ஒரு ஷட்டர், சுவரில் அதற்கொரு பட்டன். வேண்டிய ரூமைத் திறக்கலாம், வேண்டாத ரூமை மூடலாம். இப்படிப் பிரிப்பதற்கு 'ஸோன்' என்று பெயராம். மூடின ரூமுக்கெல்லாம் கரண்ட் மிச்சம் என்றார் கடைக்காரர். கேட்கும்போதே குளுகுளுவென்று இல்லை?

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் காவ்யா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வளைகாப்பு முடிந்து பெரம்பூரிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவளைக் கல்யாணம் செய்து அனுப்பின நாளிலிருந்து இந்தச் சில மாதங்களுக்காகத்தான் காத்திருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு என் பெண் பக்கத்தில் வேண்டும்.

ஆனால் தினமும் மத்தியானம் ஆனால் போதும், அவள் ரூமில் ஏசி சோர்ந்துவிடும். காலையில் ஊட்டி, பன்னிரண்டு மணிக்கு மரக்காணம், இரண்டு மணிக்கு அடுப்பங்கரை. பிள்ளை வீங்கின காலை நீட்டிக்கொண்டு, பழைய வாரப் பத்திரிகையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். (அதில் என் பத்தியும் இருந்தது. எழுத்தாளருக்கு வேறென்ன பெருமை வேண்டும்?)

மழை பெய்த அன்று சாயங்காலமே பெரம்பூரிலிருந்து போன். சம்பந்தியம்மா.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. போன்ல பேசறப்பவே பொண்ணுக்கு மூச்சு வாங்குது. ஞாயித்துக்கிழமை நான் வந்து பாக்கறேன். அங்க முடியலைன்னா இங்கயே கூட்டிட்டு வந்துடறேன். நம்ம வீட்ல ஏசி நல்லா ஓடுது."

அந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே... அதை அவர் அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் அப்படிச் சுருக்கென்று தைத்தது. உள்ளேயிருந்து காவ்யா வேறு, "போயிடறேம்மா, உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்" என்றாள். நான் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்தேன். அன்றைக்கு வெங்காயமே தேவையில்லை.

வீட்டுக்காரருக்கு ஒன்றுமே புரியவில்லை. அவர் கணக்குப்படி எல்லாம் சரியாக இருந்தது. பெண் வந்த நாளிலிருந்து ஹாலையும் மற்ற இரண்டு பெட்ரூமையும் மூடிவிட்டார். காவ்யா ரூம் மட்டும்தான் திறந்திருக்கும். டெம்பரேச்சர் பதினெட்டு.

"ஒரு பாத்திக்குத் தண்ணி வேணும்னா இன்னா பண்ணுவோம்? மத்த மடையெல்லாம் மண்ணப் போட்டு அடச்சிடுவோம். மொத்தத் தண்ணியும் அந்தப் பாத்திக்குத்தான போயாவணும்? இதுவும் அதே மாரிதான்" என்றார். இப்போது அதுவும் பலிக்கவில்லை என்றதும், "பாப்பா ரூமுக்குத் தனியா ஒரு ஏசி வாங்கி மாட்டிடலாம், வுடு" என்று முடித்தார்.

எனக்கு வந்ததே கோபம்! நாலு ரூமைக் குளிர வைக்க வாங்கின யானை ஒரு ரூமைக் குளிர வைக்காதாம், அதற்குப் பக்கத்தில் ஒரு குட்டி யானை வாங்க வேண்டுமாம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டாமா?

"ஒண்ணும் வாங்க வேணாம். நாளைக்குக் காலையில மீட்டர்கிட்ட போயி நில்லுங்க" என்றேன்.

எங்கள் வீட்டு மீட்டர் வெளிச்சுவரில் இருக்கிறது. அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. கரண்ட் அதிகம் இழுத்தால் வேகமாகச் சிமிட்டும், குறைவாக இழுத்தால் மெதுவாகச் சிமிட்டும். புதன்கிழமை காலை நான் உள்ளே பட்டன்கள் பக்கத்தில், அவர் வெளியே வெயிலில். முதலில் நாலு ரூமையும் திறந்தேன்.

"எப்படி அடிக்குது?"

"டக்கு டக்குனு அடிக்குது!"

மூன்றை மூடினேன். கால் மணி நேரம் விட்டுக் கேட்டேன்.

"இப்ப?"

குரலை உயர்த்தினேன்.

"என்னங்க, இப்ப?"

"அதே மாரிதாம்மா அடிக்குது."

"நல்லாப் பாருங்க!"

"கண்ணு நல்லாத்தான் தெரியுது! வந்து நீயே பாரு!"

போய்ப் பார்த்தேன். உண்மைதான். மூன்று ரூமை அடைத்தும் ஒரு சிமிட்டல்கூடக் குறையவில்லை. அப்படியானால் மிச்சப்பட வேண்டிய கரண்ட் எங்கே போகிறது? காவ்யாவுக்கு வர வேண்டிய குளிர் எங்கே போகிறது? எனக்கு விடை தெரியாது. ஆனால் சரியான கேள்வியைப் பிடித்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. பாதிக் கிணறு தாண்டின தெம்பு!

இந்தப் பத்தியால் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து வாசகர்கள்தான். கோட்டக்குப்பத்தில் ஒரு வாசகி. அவருடைய அண்ணன் பஷீர் பாய் வளைகுடாவில் பல வருஷம் இதே மாதிரி குழாய் ஏசி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினவர். போன் போட்டேன். வியாழக்கிழமை காலையில் டூல்ஸ் பையோடு வந்து நின்றார்.

நேராகக் கொல்லைப்பக்கம் போனார், ஏசியின் வெளி மெஷினைப் பார்க்க. போன வேகத்தில் நின்றார்.

"இது இன்னாக்கா, கோழிக் கூண்டா?"

வீட்டுக்காரர் மார்பை நிமிர்த்தினார். "நாந்தான் கட்டினேன். உப்புக்காத்து பட்டா துருப் புடிச்சிடும்ல?"

மழைக்காலம் வந்தால் உப்பு அம்பாரத்துக்குப் பனையோலை வேய்ந்து மூடுவார்கள், எங்கள் ஊர்ச் சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். அதேபோல மெஷினுக்கும் நாலு பக்கமும், தலைக்கு மேலேயும் ஓலை வேய்ந்து அம்சமாக மூடியிருந்தார்.

"சார், உள்ள இருக்குற சூட்ட வெளிய தள்றதுதான் இதோட வேலையே. நீங்க கம்பளி போத்தி வுட்டிருக்கீங்க" என்றார் பாய். ஓலையைப் பிரித்தால், மெஷினின் முதுகெல்லாம் உப்பும் தூசியும் அப்பிக் கிடந்தது. எங்கள் போர் தண்ணீரே உப்பு. அதனால் குடிக்கிற நல்ல தண்ணீரை மொண்டு வந்து மெல்ல ஊற்றிக் கழுவினார்.

அடுத்து ஏணி போட்டு, சீலிங்குக்குள் தலையை நுழைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். இறங்கி வந்து என்னிடம், "ரூமெல்லாம் மூடியே வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"மடைய அடச்சா தண்ணி அடுத்த பாத்திக்குத்தான பாய் போவும்?"

"சார், அங்க தண்ணி தானா சாயுது. அடச்சா அது பாட்டுக்கு நிக்கும். இங்க ஃபேன் தள்ளிக்கினே இருக்குது. நாலு ரூமுக்குத் தள்ற காத்த ஒரு ரூமுக்குள்ள அமுக்குனா எப்டிப் போவும்? மீதிக் காத்துக்குன்னு மேல ஒரு பைபாஸ் வழி வுட்டிருக்கான். குளுந்த காத்து அதுல பூந்து திரும்ப மெஷினுக்கே வருது. குளுந்ததையே மறுபடி மறுபடி குளிர வெச்சா இன்னா ஆவும்?"

"ஐஸ் ஆவும்" என்றேன் நான், முதல் பெஞ்சு மாணவி மாதிரி.

"அதான்! ஐஸ் கட்டிக்கினா காத்து போவாது. காத்து போவலன்னா ரூமு குளுராது. மெஷின் மட்டும் கரண்ட்டக் குடிச்சிக்கினே கெடக்கும். ஐஸ் உருகுனா சார் தலையில சொட்டும்."

வீட்டுக்காரர் வழுக்கையைத் தடவிக்கொண்டே, "அப்ப தப்பு எம் மேலதான்" என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே அது ஒரு சாதனை.

பாய் அந்தப் பைபாஸ் வழியை அடைத்தார். ரூம்கள் குறைவாகத் திறந்திருக்கும்போது உள் ஃபேன் மெதுவாக ஓடும்படி செட் பண்ணினார். அப்படி ஓடினால் வெளி மெஷினும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். ஹால் ஷட்டர் எப்போதும் முழுசாக மூடாமல் கொஞ்சம் திறந்தே இருக்கும்படி வைத்தார். காற்றுக்குப் போக்கிடம் வேண்டும் இல்லையா? குழாய் இணைப்புகளில் டேப் பிய்ந்து, சீலிங்குக்கு மேலே ஜில்லென்று காற்று வீணாகிக்கொண்டிருந்தது. பத்து நாளாக இந்த வீட்டில் சுகமாக இருந்தவை பல்லிகள்தான்! எல்லாவற்றையும் ஒட்டி அடைத்துவிட்டு, "இருபத்தாறுல வெச்சி, மேல ஃபேனையும் போடுங்க" என்றார்.

"இருபத்தாறா? பாப்பாவுக்குப் பத்தாது பாய்."

"பதினெட்டு வெச்சா சீக்கிரம் குளுராது சார். நிக்காம ஓடும், அவ்ளோதான்."

காவ்யா ரூமை முழுசாகவும், ஹாலைப் பாதியும் திறந்து மெஷினை ஓடவிட்டோம். நான் சொல்லாமலேயே வீட்டுக்காரர் வெளியே ஓடினார். கொஞ்ச நேரத்தில் வெளியிலிருந்து ஒரு கூச்சல்.

"ஏம்மா! ஓடியா! மெதுவாயிடுச்சிம்மா, நின்னு நின்னு அடிக்குது!"

ஓடினேன். அந்தச் சிவப்பு விளக்கு... ஒரு சிமிட்டல். யோசனை. இன்னொரு சிமிட்டல். உச்சி வெயிலில் செருப்புகூடப் போடாமல் நின்று கை தட்டினேன். தெருவில் போனவர்கள் என்ன நினைத்தார்களோ, எனக்கென்ன? ரொம்ப நாளைக்கப்புறம் அவ்வளவு சந்தோஷம். அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு என் பெண் விசிறாமல், வேர்க்காமல், வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கினாள். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்காரரும் சும்மா இருக்கவில்லை. பிரித்த ஓலையை எடுத்து, காவ்யா ரூமின் மேற்குச் சுவருக்கு வெளியே, ஒரு முழம் இடைவெளி விட்டுத் தட்டியாகக் கட்டினார். சாயங்கால வெயில் நேராக விழுகிற சுவர் அது. "மாஷா அல்லா! இது கரெக்ட்டு சார்!" என்று பாய் சொன்னதும் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே. அறிவு எங்கேயும் வீணாவதில்லை. எந்த இடத்தில் கட்டுகிறோம் என்பதுதான் கேள்வி.

ஞாயிறு வந்தது. சம்பந்தியம்மாவும் வந்தார், உச்சி மத்தியானத்தில், பஸ்ஸிலிருந்து இறங்கி வேர்க்க விறுவிறுக்க. ஹாலில் உட்கார்ந்தார். மோர் குடித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏசி எங்க இருக்குது? சத்தமே காணோமே?"

இதற்குத்தானே காத்திருந்தேன்! கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போய் மீட்டரைக் காட்டினேன். "பாருங்க சம்பந்தி, எவ்ளோ நிதானமா சிமிட்டுது!" அவர் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

காவ்யா தூங்கி எழுந்து தெளிந்த முகத்தோடு வந்தாள். மாமியாருக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு முழுசாகச் சாப்பிட்டாள். நான் மூன்றாவது தடவை கரண்டியோடு போனதும், "அம்மா, பாய்கிட்ட சொல்லி உன் ஸ்பீடையும் கொறச்சி வெக்கணும். ஒரே ரூமுக்குள்ள மொத்தத்தையும் தள்ற" என்றாள். சம்பந்தியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். மற்ற கதவையெல்லாம் அடைத்துவிட்டு ஒருத்தர் மேல் மட்டும் கொட்டினால், பாசமும் ஒரு கட்டத்தில் ஐஸ் கட்டிவிடுகிறது.

சாயங்காலம் காபி கொடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று யாரும் சொல்லவில்லை. காவ்யாவைக் கூட்டிப் போகிற பேச்சும் வரவில்லை. காலி டம்ளரை ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, சம்பந்தியம்மா மெல்லக் கேட்டார்.

"பெரம்பூர்ல எனக்கு இப்ப இன்னா வேல இருக்குது... நானும் ஒரு பத்து நாள் பொண்ணு கூட இருந்துட்டுப் போறனே சம்பந்தி?"

ஜெயித்துவிட்டேன்! என் பெண் என் வீட்டிலேயே இருக்கிறாள். அவளை அழைத்துப் போக வந்தவர் இப்போது மூன்றாவது ரூமில் போர்த்திக்கொண்டு தூங்குகிறார் — இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் சத்தம் போடாமல் படியுங்கள்.